மச்சான் கையில் கயிறு

அந்தக் காலத்தில், ஆட்டுக்கும் தேனீக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்த காலத்தில், ஒரு காலைப்பொழுதில் ஒரு குரல் கேட்டது. ஆளைக் காணவில்லை. மலையை மூடியிருந்த பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் இறங்கி வந்தது.

“கயிறு அறுபடுதுப்பா. இடப்பக்கம் அகலமா ஒரு திட்டு இருக்கு. முடிச்சை அவிழ்த்துட்டு அதுல தாவு. பயப்படாதே, நான் இருக்கேன்.”

அடிவாரத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த தூமன் நிமிர்ந்தான். சடையனின் குரல்தான் அது. நெடுமுகப் பாறையின் உச்சியில் நின்றுகொண்டு, தேன் எடுப்பதற்காகத் தன் தம்பி கொம்பையனைக் கயிற்றில் இறக்கியிருந்தான் சடையன். என்ன பாசம் என்று தூமன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கல் உருளும் சத்தம் வந்தது. பிறகு எதுவோ கனமாக விழுந்தது.

ஊர் கூடியது. கயிற்றை மேலே இழுத்துப் பார்த்தார்கள். ஒரு நார்கூட அறுந்திருக்கவில்லை. இடுப்பில் போட்ட முடிச்சு கையால் அவிழ்க்கப்பட்டிருந்தது. பாறையின் இடப்பக்கம் திட்டும் இல்லை, விரல் நுழைய ஒரு வெடிப்பும் இல்லை. வழித்துவிட்டாற்போல் இருந்தது.

“நான் வாயே திறக்கல,” என்றான் சடையன். “அவன் கீழ புகை போட்டுட்டு இருந்தான். மேல காத்து இரைச்சல்ல எனக்கு ஒண்ணும் கேட்கல, கயிற்றைப் பிடிச்சிட்டு நின்னேன். அவ்வளவுதான்.”

“நான் கேட்டேனே அண்ணே,” என்றான் தூமன். அவன் பொய் சொல்லவில்லை. காதில் விழுந்ததைச் சொன்னான்.

அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் சடையனோடு பேசவில்லை. அவன் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியே போய்விட்டான்.

கயிறு விஷயத்தில் அந்த மலை ஜனங்களுக்கு அப்போது இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. இறங்குகிறவனின் கூடப்பிறந்தவன்தான் கயிற்றைப் பிடிக்க வேண்டும். அப்புறம், கயிற்றில் தொங்குகிறவனிடம் சுடுசொல் சொல்லக் கூடாது. சொன்னால் கயிறு அறும் என்று நம்பினார்கள். அதனால் வருஷம் பூராவும் கீரியும் பாம்புமாக இருக்கிற அண்ணன் தம்பிகூடப் பாறை விளிம்புக்கு வந்துவிட்டால் குழைந்து குழைந்து பேசுவார்கள். “வாப்பா, மெதுவா வாப்பா, அங்கே கால் வைப்பா.” எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே மாதிரி, ஒரே குழைவில். அதை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அடுத்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிழங்கு விரல் பருமனுக்குக்கூட வரவில்லை. நெடுமுகத்தில் மட்டும் பெருந்தேனீக்கள் அடை அடையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தன. அந்தத் தேன் கிடைத்தால் ஊர் பிழைக்கும். அந்தப் பாறையில் இறங்கத் தெரிந்தவன் ஒரே ஒருவன்தான் மிச்சம். சடையனுக்குக் கடைசித் தம்பி, வேங்கையன். தூமனின் தங்கை பொம்மியைக் கட்டியவன்.

ஆனால் அவனுக்குக் கயிறு பிடிக்க யார்? ஓர் அண்ணன் செத்துவிட்டான். இன்னொருவனை ஊர் ஒதுக்கிவிட்டது.

“என் அண்ணன் பிடிப்பான்,” என்றாள் பொம்மி.

ஊர்ப் பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மச்சான் கையில கயிறா? அதுவும் இவனா? இவங்க ரெண்டு பேரும் ஒரு இடத்துல உட்கார்ந்து ஒழுங்கா ஒரு வாய் கூழு குடிச்சதுண்டா?”

“ஏன் பெரியப்பா, நான் பிடிச்சா கயிறு கோவிச்சுக்குமா?” என்றான் தூமன்.

“உன் வாய்க்குக் கயிறு எம்மாத்திரம்? கட்டின மரமே முறிஞ்சு விழும்,” என்றான் வேங்கையன்.

“பார்த்தீங்களா, மாப்பிள்ளைக்கு இப்பவே மரத்து மேல பழி போட ஆசை. பயமா இருந்தா சொல்லிடு மாப்பிள்ளை. தேனடையைக் கீழ இறங்கி வரச் சொல்லிக் கேட்டுப் பார்ப்போம்.”

“எனக்குப் பாறையைப் பார்த்துப் பயம் இல்ல மச்சான். நடுவுல நீ தூங்கிட்டா என்ன பண்றதுன்னுதான் பயம்.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பொம்மி சிரிக்கவில்லை. அண்ணனைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

“அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் அந்த வாயைக் கட்டு. அவரு மேல ஏறி வர்ற வரைக்கும் ஒரு சுடுசொல் வரக் கூடாது. என் தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணு.”

தூமன் கை வைத்தான். வைத்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த ஆள் விழுந்தால் இவள் தனிமரம். நான் விடவில்லை, தள்ளவில்லை என்று நான் ஆயிரம் சத்தியம் பண்ணலாம். நாங்கள் போட்ட சண்டையெல்லாம் ஊருக்குத் தெரியும். ஒருத்தன் நம்புவானா? ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடிசை போட வேண்டியதுதான்.

உச்சியில் நின்ற மருத மரத்தில் கயிற்றை ஒரு சுற்றுப் போட்டார்கள். தூமன் முன்னால் நின்று பிடித்துக்கொண்டான். பொம்மி பின்னால் உட்கார்ந்து கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டாள். வேங்கையன் இடுப்பில் முடிச்சைப் போட்டு, புகையும் தழைக்கட்டைத் தோளில் தொங்கவிட்டு, விளிம்பில் முதுகைக் காட்டி இறங்கினான். பாறையின் நெற்றி முன்னால் புடைத்து நிற்கும். அதைத் தாண்டியதும் ஆள் மறைந்துபோனான். கயிறு மட்டும் தெரிந்தது.

“மெதுவா வாங்க மாப்பிள்ளை. அவசரம் ஒண்ணும் இல்லீங்க,” என்றான் தூமன். பச்சைக் கிழங்கை மென்றது போல வாய் கூசியது.

கீழிருந்து பதில் வந்தது. “மச்சான், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லா இருக்கேங்க மாப்பிள்ளை.”

“வந்துட்டாருடி புகைக்காரரு,” என்று தேனீக்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டு கலைவது கேட்டது.

பொம்மி தனிக் கயிற்றில் இறக்கிய கூடை இரண்டு தரம் நிறைந்து மேலே வந்தது. மூன்றாவது கூடை இறங்கிய சமயம், விளிம்பில் புல் மேய்ந்துகொண்டிருந்த வரையாடு ஒன்று தூமனைத் திரும்பிப் பார்த்தது.

“எதுக்கு இப்படி நடுங்குறே?” என்றது.

“போன வருஷம் இங்கே ஒருத்தன் விழுந்தான். கயிறு அறல. அவனா அவிழ்த்துக்கிட்டான். ஏன்னு இன்னும் புரியல.”

“பாறை சொல்லியிருக்கும்,” என்றது ஆடு, மென்றுகொண்டே.

“பாறை பேசுமா?”

“ஏன் பேசாது? நல்லாவே பேசும். மேல நிக்கிறவன் குரல்லயே பேசும். எங்க குட்டிகளை அவங்க ஆத்தா குரல்ல கூப்பிடும். நாங்க காதை மடக்கிக்குவோம். குளம்பு சொல்றது எங்களுக்குப் போதும்.”

“இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“யாரு கேட்டா?”

ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடிசை ஒருகணம் தூமனின் கண்ணில் வந்து போனது. விளிம்பை நோக்கிக் கத்தினான். “மாப்பிள்ளை! பாறை பேசுமாம்! அது என்ன சொன்னாலும் கேட்காதீங்க!”

அவன் வாயை மூடுவதற்குள் அவன் குரலிலேயே இன்னொன்று பாறைக்குள்ளிருந்து கிளம்பியது. “அதைக் கேட்காதீங்க மாப்பிள்ளை! அதுதான் பாறை! கயிறு அறுபடுது, சீக்கிரம்! இடப்பக்கம் திட்டு இருக்கு, அவிழ்த்துட்டுத் தாவுங்க!”

“இல்லீங்க மாப்பிள்ளை, நான்தான் உங்க மச்சான்!”

“இல்லீங்க மாப்பிள்ளை, நான்தான் உங்க மச்சான்! கயிறு போச்சு! தாவுங்க!”

இரண்டும் ஒரே குரல். இரண்டிலும் அதே குழைவு, அதே மரியாதை. புடைத்த நெற்றிக்குக் கீழே தொங்குகிறவனுக்கு எது மேலிருந்து வருகிறது, எது பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. சத்தம் நாலு பக்கமும் சுழலும். இரண்டு பேராக அவனை மேலே இழுக்கவும் முடியாது; அவன்தான் கயிற்றைப் பிடித்து ஏறி வர வேண்டும். கயிறு தூமனின் உள்ளங்கையில் லேசாக உதறியது. கீழே தொங்குகிறவன் முடிச்சைத் தொட்டால்தான் கயிறு அப்படி உதறும்.

தூமன் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அவளுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. அவள் தலையில் அடித்த சத்தியம். சுடுசொல் பட்டால் அறும் என்று தாத்தன் பூட்டன் எல்லோரும் சொன்ன கயிறு. பொம்மி கண்ணை மூடிக்கொண்டாள்.

தூமன் வாயைத் திறந்தான்.

“யோவ்! பன்னிக்குப் பொறந்த மாப்பிள்ளை! முடிச்சுல இருந்து கையை எடுய்யா! கல்யாணத்தன்னைக்கு எங்க வீட்டுப் பலாப்பழம் முழுசையும் முழுங்கிட்டு, பொண்ணு காத்துக்கிட்டிருக்க, விடிய விடியப் புதர்லயே குடியிருந்த ஆளுதானய்யா நீ!”

கயிற்றின் உதறல் நின்றது.

“டேய் மடையா! முட்டாளே! அவிழ்டா!” என்றது பாறை. அதுவும் உரத்துத்தான் சொன்னது.

தூமன் விடவில்லை. “கரடி வந்துடுச்சுன்னு அலறிக்கிட்டு என் தங்கச்சி முதுகுக்குப் பின்னால ஒளிஞ்ச வீரனைப் பத்தி ஊருக்குச் சொல்லட்டுமாய்யா? இதுவரைக்கும் நான் வாயைத் திறந்திருக்கேனா?”

பாறைக்குக் கீழிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. கயிறே குலுங்கியது.

“மச்சான்! அது கரடி இல்லடா! சொரிஞ்சுக்கிட்டே வந்த உன் சித்தப்பன்டா! இருட்டுல யாரு பார்த்தாலும் கரடின்னுதான் நினைப்பான்!”

பின்னால் பொம்மி ஓவென்று அழுதாள். சிரிக்கவும் செய்தாள். கயிறு அறவில்லை.

“கழுதை! எருமை!” என்று பாறை இன்னும் முயன்று பார்த்தது.

“சும்மா இரு,” என்றான் வேங்கையன் அதனிடம். “கழுதை, எருமைன்னு எவன் வேணும்னாலும் திட்டுவான். என் மச்சான் திட்டினா அதுல பத்து வருஷத்துச் சமாச்சாரம் இருக்கும். அதுக்கு நீ எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுத்திருக்கணும்.” பிறகு கேட்டான்: “எங்க அண்ணன் உனக்கு என்ன செஞ்சான்?”

“வருஷா வருஷம் வந்து மூஞ்சியில புகை போடுறீங்க,” என்றது பாறை, யாருடையதும் இல்லாத ஒரு கரகரத்த குரலில்.

“அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நாங்க ஒதுங்கிப் போட்டிருப்போம்.”

மூன்றாவது கூடையும் நிறைந்தது. வேங்கையன் வசவைக் கேட்டுக்கொண்டே ஏறினான், பதிலுக்கு வைதுகொண்டே விளிம்பைப் பிடித்தான்.

பாறை அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு வருஷம் தந்திரம் செய்து பார்த்தது. சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், கயிற்றில் தொங்குகிறவன் கண்டுபிடித்துச் சிரித்துவிடுவான். கடைசியில் அதற்கே தன் பேச்சின்மேல் நம்பிக்கை விட்டுப்போயிற்று. அன்று முதல்தான் மலைப்பாறை தானாக எதுவும் பேசுவதில்லை, நாம் கத்துவதன் வாலை மட்டும் பிடித்துத் திருப்பிச் சொல்கிறது. அன்று முதல்தான் அந்த ஜனங்கள் தேனெடுக்க இறங்கும்போது பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில் கயிற்றைக் கொடுக்கிறார்கள். அவனும் இறக்கிவிட்டதிலிருந்து ஏற்றுகிறவரை மாப்பிள்ளையின் மானத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறான்.

இதெல்லாம் பின்னால் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததை ஊரில் சொல்லிவிட்டு, ஓர் அடைத் தேனை எடுத்துக்கொண்டு தூமன் ஓடையைத் தாண்டினான். சடையன் குடிசைக்கு வெளியே தணலில் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த ஆளைப் பார்த்து எழுந்து நின்றான்.

“அண்ணே, நீங்க வாயே திறக்கல,” என்றான் தூமன். “பாறைதான் பேசுச்சு. இன்னைக்கு என் குரல்லயே பேசுச்சு, நானே கேட்டேன். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். காலையில பெரியவரு உங்களைக் கூட்டிப்போக வர்றாரு.”

சடையன் தேனடையை வாங்கித் திண்ணையில் வைத்தான்.

“நான் அப்படித்தான் பேசுவேன் அவன்கிட்ட,” என்றான். “அதான் நம்பியிருக்கான்.”

தூமன் தலை குனிந்தான்.

“உட்காரு,” என்றான் சடையன். “கிழங்கு கருகிடும்.” குச்சியை எடுத்துக்கொண்டு குனிந்து, தணலில் கிடந்த கிழங்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டிவிடத் தொடங்கினான்.