இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகள்

சென்னியப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்துநான்கு வருடம் கபடி நடுவராக இருந்தவர். பெருந்துறைப் பக்கம் அவர் விசில் ஊதிவிட்டால் மறுபேச்சு கிடையாது.

நஸீமாவுக்கு முப்பத்தொன்று. வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்துக் குறை சொல்வது அவள் வேலை.

இந்த இருவரில் நஸீமா குரு. சென்னியப்பன் சீடர்.

கோயம்புத்தூரில் ஒன்பது பேர் சேர்ந்து நடத்தும் சின்ன நிறுவனம் ஒன்று கபடியை வீடியோ கேமாகச் செய்துகொண்டிருந்தது. அதற்குத் தன் பெயரைக் கொடுக்க ஒரு கபடிச் சங்கம் சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை. நடுவர் ஒருவர் அதை விளையாடிப் பார்த்து, "இது கபடிதான்" என்று கையெழுத்துப் போட வேண்டும். சங்கம் சென்னியப்பனை அனுப்பியது.

அவர் அதுவரை கன்ட்ரோலரைக் கையால் தொட்டதில்லை. முதல் நாள் அதைத் தலைகீழாகப் பிடித்தார்.

"இவருக்கு நீதான் கத்துக்கொடுக்கணும்" என்றார் நிறுவனத்தை நடத்திய பிரகலாதன். அவர்கள் இதற்கு முன் செய்த இரண்டு விளையாட்டுகளும் யாரும் சீந்தாமல் போயிருந்தன. இதுவும் போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்பது ஒன்பது பேருக்கும் தெரியும்.

நஸீமா கற்றுக்கொடுத்தாள். இரண்டாவது வாரம் சென்னியப்பன் தன் அறிக்கையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முத்து முத்தான கையெழுத்து. இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகள்.

கணுக்காலைப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் விழுகிறான், நிஜத்தில் பாதிப் பேர் உதறிக்கொண்டு போய்விடுவார்கள். முப்பது வினாடி பாடிய பிறகும் மூச்சு வாங்கவில்லை. பிடிபட்டு எழுகிறவன் பனியனை இழுத்துவிடுவதில்லை. திரையில் வரும் நடுவர் குட்டையாக இருக்கிறார்.

"நடுவர் குட்டையா இருந்தா என்னங்க சார்?" என்று கேட்டாள் நஸீமா.

"கோடு தெரியாது அம்மிணி."

மூன்று மாதம் எல்லோரும் உட்கார்ந்து திருத்தினார்கள். ஒன்றைத் திருத்தினால் அவர் இரண்டைக் கண்டுபிடித்தார். பாடிக்கொண்டே போக ஒரு பட்டனை விடாமல் அழுத்த வேண்டும் என்று வந்தது. கன்ட்ரோலரில் இடது காலுக்கு ஒரு குச்சி, வலது காலுக்கு ஒரு குச்சி என்று வந்தது. தசைப்பிடிப்பு வந்தது. அவுட் ஆனவன் வெளியே போய் உட்கார்ந்து காத்திருப்பது வந்தது. நடுவர் ஆறடி உயரமானார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, விளையாடிப் பார்க்கச் சொல்லி ஒரு கல்லூரியின் பெண்கள் கபடி அணியை அழைத்தார்கள். பத்துப் பேர் வந்தார்கள். ஆவலோடு உட்கார்ந்தார்கள். ஏழாவது நிமிடத்தில் கன்ட்ரோலர்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்துவிட்டன.

அணித் தலைவி எழுந்து விரல்களை உதறிக்கொண்டாள்.

"எல்லாம் கரெக்டா இருக்குங்க சார். நாங்க கிளம்பட்டுங்களா?"

அவர்கள் போன பிறகு பிரகலாதன் கையெழுத்துக்குக் கெடு என்றைக்கு என்று மட்டும் நினைவுபடுத்தினார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை.

மறுநாள் சாயங்காலம் வரை சென்னியப்பன் பொறுத்துப் பார்த்தார். நான்கு மணிக்கு நஸீமாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அம்மிணி, பொய்யா இருந்தா அது கபடி இல்ல. நிஜமா ஆக்குனா விளையாட முடியல. பின்ன நான் எதைப் பார்த்துத்தான் சொல்றது?"

"டீ குடிச்சீங்களா சார்?"

"நான் என்ன கேட்கறேன், நீ என்ன கேட்கறே?"

"கீழ போலாம் வாங்க. அந்த லிஸ்டையும் எடுத்துக்கோங்க. ஒரு பேனாவும்."

கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் அலுவலகத்துக்காரர்கள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் அதைப் பற்றியே பேசிப் பேசி வந்த ஆசை. ஸ்கூட்டர்களை ஓரமாகத் தள்ளி, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு நடுக்கோடு போட்டிருந்தார்கள். கோடு பாதியில் வளைந்திருந்தது.

"இதையும் பார்த்துச் சொல்லுங்க சார். எத்தனை பிழைன்னு" என்றாள் நஸீமா.

சென்னியப்பன் சிரித்துவிட்டார். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் மூணு பேர். எழுதினார். பாடி வருகிறவன் ரப்பர் செருப்போடு வந்தான். எழுதினார். நடுவில் அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்து, "மீட்டிங்ல இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டு மறுபடி "கபடி கபடி" என்றான். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்தார்.

"இவன்களை எல்லாம் ஆறு மாசம் சஸ்பெண்டு பண்ணணும்" என்றார்.

ஆட்டம் ஒன்பதுக்கு ஒன்பது என்று வந்து நின்றது. கடைசி ரைடு. படம் வரைகிற பூங்கோதை துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நுழைந்தாள். ஒருவனைத் தொட்டாள். திரும்புவதற்குள் மூன்று பேர் அவள் மேல் விழுந்தார்கள். தரையோடு தரையாக நடுக்கோட்டை நோக்கி நகர்ந்தாள். மூச்சு எப்போதோ விட்டுப்போயிருந்தது. "கபடி" என்பது "பிடி" ஆகி, "டீ" ஆகி, வெறும் முனகலாக வந்துகொண்டிருந்தது. விதிப்படி அவள் எப்போதோ அவுட்.

"கையை நீட்டு! கையை நீட்டு கண்ணு! ஒரு சாண்தான்! அட நீட்டு!"

கத்தியது சென்னியப்பன். அவர் நின்ற இடத்தில் இல்லை. ஆட்டத்துக்கு நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்து தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். அறிக்கை காற்றில் பறந்து ஒரு ஸ்கூட்டரின் சக்கரத்தடியில் கிடந்தது.

பூங்கோதையின் விரல் கோட்டைத் தொட்டது. அவர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

கூட்டம் கலைந்த பிறகு நஸீமா தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனை பிழை சார்?"

வேட்டியிலிருந்த தூசியைத் தட்டினார். "இது கபடியே இல்ல அம்மிணி."

"அப்புறம் எதுக்குங்க சார் கத்துனீங்க?"

சென்னியப்பன் அவளிடமிருந்து தாள்களை வாங்கிக்கொண்டார். பெருந்துறைக்கு பஸ் ஏறிய பிறகும் அவற்றையே புரட்டிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை முதல் ஆளாக வந்தார். அறிக்கையின் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் அடித்திருந்தார். ஸ்கேல் வைத்து அடித்திருந்தார்.

"புரிஞ்சுபோச்சு அம்மிணி. நிஜமெல்லாம் ஒண்ணுமில்ல. ஆடறவனுக்குச் சந்தோசம், அவ்வளவுதான். பேப்பரைக் கொடு, கையெழுத்துப் போட்டுடறேன்."

நஸீமா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நான் அப்படியா சொன்னேன்?"

"நீ எதுவுமே சொல்லல! அதுதானே வினையே! நானும் மூணு மாசமாப் பார்க்கறேன். கேள்வி கேட்டா டீ குடிச்சீங்களாங்கறே, கீழ வாங்கறே. ஒரு வார்த்தை நேரா சொன்னா வாய் கோணிக்குமா?"

"எட்டு வருசமா இந்த வேலை பார்க்கறேன் சார். ஒரு வார்த்தையில சொல்ல முடிஞ்சா முதல் நாளே சொல்லிட்டு நான் என் வேலையைப் பார்க்க மாட்டேனா? மூணு மாசம் உங்க நடுவரை வளர்த்துக்கிட்டா இருப்பேன்?"

பிரகலாதன் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "ஆச்சுங்களா?"

"இல்லை!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். கதவு மூடிக்கொண்டது.

பிறகு நஸீமா கணினிப் பக்கம் திரும்பி, முதல் மாதத்து வடிவம் ஒன்றைத் தேடி எடுத்துத் திரையில் போட்டாள். மூச்சுப் பட்டன் இல்லாதது. காலுக்கொரு குச்சி இல்லாதது. கன்ட்ரோலரை அவர் கையில் வைத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவித் தன் டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

"விளையாடுங்க."

"என்ன பார்க்கணும்?"

"ஒண்ணும் பார்க்க வேண்டாம். ஜெயிங்க."

முதல் ஆட்டத்தில் தோற்றார். இரண்டாவதிலும் தோற்றார். "இந்தப் பொம்மை நான் சொல்ற பேச்சைக் கேட்க மாட்டேங்குது" என்றார். மூன்றாவதில் பதினைந்து புள்ளி வித்தியாசத்தில் தோற்று, "அந்த மூலையில நிக்கறவன் சரியான கள்ளன்" என்றார். நஸீமா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். அவர் எழவில்லை.

மூன்று மணிக்கு அவர் பேசுவதை நிறுத்தினார். நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். மூலையில் நிற்பவன் எப்போது பாய்வான் என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. அவனை ஏமாற்றி வலப்பக்கம் போகிறமாதிரி போய் இடப்பக்கம் திரும்பக் கற்றிருந்தார். அப்படித் திரும்பும்போது அவருடைய தோளும் சேர்ந்து திரும்பியது.

ஒன்பதாவது ஆட்டம். கடைசி ரைடு. ஒரு புள்ளி பின்னால் இருந்தார். உள்ளே போனார். இரண்டு பேரைத் தொட்டார். திரும்பினார். மூலையிலிருந்தவன் பாய்ந்தான். அவன் கை ஒரு முழம் தள்ளித் தரையில் விழுந்தது.

விசில் ஒலித்தது. திரையில் எழுத்துகள் வந்தன: பிடிபட்டார்.

சென்னியப்பன் நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"அயோக்கியத்தனம்! தொடவே இல்ல! பச்சைப் பொய்! அம்மிணி, இங்க வா, தொடவே இல்ல!"

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நஸீமா வந்தாள்.

"யாரைத் தொடலைங்க சார்?"

"என்னை! என்னைத் தொடவே இல்ல! ஒரு முழம் தள்ளி விழுந்து கிடக்கறான், என்னைப் பிடிச்சதாப் போடறான்!"

சொல்லிவிட்டு அப்படியே நின்றார்.

நஸீமா டப்பாவிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

"எழுதுங்க சார்."

இரண்டு நாட்களில் அவர் இருபத்தாறு ஆட்டங்கள் ஆடினார். ஏழு வரிகள் எழுதினார். ஆறு வரிகளை நிரல் எழுதுகிறவர்கள் சனி, ஞாயிறு பார்க்காமல் திருத்தினார்கள். ஏழாவது, நடுவர் நேரம் தாழ்த்தி விசில் ஊதுவதைப் பற்றியது. அதுமட்டும் புதன்கிழமை வரை இழுத்தது.

வியாழக்கிழமை சிங்காநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு நூல் மில்லின் அணியை அழைத்தார்கள். காலை ஷிப்ட் முடிந்து எட்டுப் பேர் வந்தார்கள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. இரண்டு மணிக்கு உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் சுவரோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு நிமிடம் ஆனது. பிறகு அரை மணி ஆனது. பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அவர்கள் பார்க்க விடவில்லை.

"சார், நீங்க நடுவர்தானுங்களே? இது போனஸ் புள்ளி இல்லைங்கறான், நீங்களே சொல்லுங்க!"

"கால் கோட்டைத் தாண்டல தம்பி. தூக்கி வெச்சாத்தான் போனஸ்."

"எப்படிங்க தாண்டல? என்ற கால் எனக்குத் தெரியாதா?"

இன்னொருவன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு அடுத்தவன் பனியனைப் பிடித்துக்கொண்டான். மூன்றாமவன் திரையிலிருந்த நடுவரைப் பார்த்து, அவர் குடும்பத்தைப் பற்றி ஏதோ சொன்னான். சென்னியப்பன் குறுக்கே போய் இருவரையும் விலக்கினார். விலக்கும்போது அவர் சட்டையில் ஒரு பொத்தான் போயிற்று.

வேர்த்து விறுவிறுத்து நஸீமாவிடம் வந்தார். எரிச்சலில் முகம் சிவந்திருந்தது.

"அந்த ரைடை நான் மூணு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்துட்டேன் அம்மிணி. கால் தாண்டவே இல்ல. விசில் சரியான நேரத்துல ஊதியிருக்கு. எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்புறமும் ஏன் இப்படிக் கிடந்து சண்டை போடறானுங்க?"

நஸீமா சங்கத்தின் தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

"கையெழுத்துப் போடுங்க சார்."