வைத்தியர் முகத்துக்கு ஏற்ற பூச்சு

ராணியின் மகள்கள் இருவருக்கும் அரண்மனை வைத்தியர் ஒரே பூச்சைத்தான் கொடுத்தார்: கடலைமாவும் எலுமிச்சைச் சாறும். அவருக்கு எல்லா முகமும் ஒன்றுதான். மூத்தவள் முகம் பளிச்சென்றானது. இளையவள் முகம் வெந்துபோனது.

"குழைத்தவள் கையில்தான் அழுக்கு" என்றார் வைத்தியர்.

குழைத்தவள் செண்பகவடிவு, அரண்மனைப் பணிப்பெண்.

"இல்லையென்று நிரூபி. முடியாவிட்டால் அந்தக் கை உனக்கு இல்லை" என்றாள் ராணி.

செண்பகவடிவு இரண்டு காகிதத் துண்டுகளை இளவரசிகளின் நெற்றியில் ஒற்றி எடுத்தாள். மூத்தவளின் காகிதத்தில் எண்ணெய் ஊறியிருந்தது. இளையவளுடையது காய்ந்தே இருந்தது.

"குழைத்த கை ஒன்றுதான், தாயே. தோல்தான் வேறு வேறு. வறண்ட தோலில் எலுமிச்சை பட்டால் எரியாதா?"

வைத்தியர் பல்லை இளித்தார்.

"இவர் முகத்துக்கு எதைப் பூசலாம்?" என்றாள் ராணி.

"எண்ணெய் வழிந்தால் கடலைமாவு பூசலாம், தாயே. இவர் முகத்தில் வழிவது அசடு. அதற்கு என்னிடம் பூச்சு இல்லை."