மூலைக்காரனின் நாற்றம்

காட்டோரத்தில் ஒரு கறையான் புற்று இருந்தது. அதன் அடியறையில் கறையான்கள் வெள்ளைக் காளான் தோட்டம் போட்டிருந்தன. புற்றிலுள்ள குஞ்சுகளுக்கெல்லாம் அதிலிருந்துதான் சாப்பாடு.

தோட்டத்துக்குப் பொறுப்பு நறுக்கி என்ற கறையான். கறையான்களுக்குக் கண் தெரியாது. மீசையால் மோந்து பார்த்துத்தான் எதையும் முடிவு செய்யும். நறுக்கியோ, தன் மீசைக்கு ஈடு இணையே இல்லை என்று புற்று முழுக்கப் பீற்றிக்கொண்டு திரியும்.

அதற்கு ஒரே தலைவலி, தோட்டத்து மூலையில் குந்தியிருந்த பச்சைப் பூஞ்சைதான். அப்படியொரு நாற்றம்! கறையான்கள் அதை மூலைக்காரன் என்றே கூப்பிட்டன.

ஒருநாள் யாரோ இழுத்து வந்த சருகில் ஒட்டிக்கொண்டு கறுப்புப் பூசணம் ஒன்று உள்ளே வந்தது. தாழம்பூ மாதிரி மணத்தது.

"அண்ணே! இவ்வளவு நல்ல தோட்டம் இப்படியா நாறுறது?" என்றது நைசாக. "அந்த மூலைக்காரனை விரட்டுங்க. நான் மணக்க வைக்கிறேன். ராணியம்மாவே உங்களைக் கூப்பிட்டுப் பாராட்டுவாங்க!"

நறுக்கிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நேரே மூலைக்குப் போனது.

"இத்தனை நாளா நாறுனதைத் தவிர என்னத்தைக் கிழிச்சே? கிளம்பு!"

"என் உடம்புல ஊறுற மருந்துதான் நாறுது, நறுக்கி. அதுக்குப் பயந்துதான் வேற பூசணம் எதுவும் இங்கே படரலை" என்றது மூலைக்காரன்.

"நீயே ஒரு பூசணம்! நீ பூசணத்தை விரட்டுறியா?"

நறுக்கி விழுந்து விழுந்து சிரித்தது. நாலு கறையான்களை வைத்துச் சுரண்டி, குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்தது.

இரண்டு நாள் புற்றே கமகமத்தது. எல்லாக் கறையான்களும் நறுக்கியை ஆகா ஓகோ என்றன. மூன்றாம் நாள் பாதித் தோட்டத்தைக் காணோம்! கறுப்புப் பூசணம் காளான்களின் மேல் படர்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் பசியில் கத்தின.

"டேய், நிறுத்துடா!"

"இடம் கொடுத்ததே நீங்கதானே, அண்ணே!"

நறுக்கி குப்பைமேட்டுக்கு ஓடியது.

"மூலைக்காரரே! என் புத்தியைச் சொல்லணும். குஞ்சுங்க செத்துடும், வந்துடுங்க!"

"வர்றேன். ஆனா எனக்குக் கால் இல்லையே! யாரு தூக்கிட்டுப் போறது?"

கறையானுக்குக் கை ஏது? வாயால்தான் கவ்வ வேண்டும். நறுக்கி கவ்வியது. குடலைப் பிடுங்கிக்கொண்டு குமட்டியது. ஆனாலும் விடவில்லை. துணுக்குத் துணுக்காக முப்பது நடை சுமந்து கொண்டுவந்து சேர்த்தது.

மூலைக்காரன் பழைய இடத்தில் குந்தி மருந்தை ஊறவிட்டது. கறுப்புப் பூசணம் சுருண்டு காய்ந்தது. வெள்ளைக் காளான் மெல்லத் துளிர்த்தது. குஞ்சுகள் பிழைத்தன.

இப்போதெல்லாம் எழுந்ததும் நறுக்கி மூலைக்குத்தான் ஓடும். நாற்றம் இம்மி குறைந்தாலும் அதற்கு இருப்புக்கொள்ளாது.

"என்ன மூலைக்காரரே, உடம்பு சரியில்லையா? இன்னிக்கு நாறவே இல்லையே!"

நமக்குப் பிடிக்காத ஒன்றை விரட்டும் முன், அது எதிலிருந்து நம்மைக் காக்கிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.