சன்னாசி ஜீப் மெத்தென்று ஆன கதை

எங்கள் ஸ்டாண்டில் சன்னாசி வாயைத் திறந்தால் டீ மாஸ்டர் இன்னொரு தடவை பாலைக் காய்ச்சி வைத்துவிடுவார். இப்போதைக்கு யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். நானும் அதே போடி ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிறவன்தான், பேர் தவசி. ஏலக்காய் எடுக்கிற பெண்களைக் காலையில் மலைக்கு ஏற்றிப் போவதும் சாயங்காலம் இறக்கிவிடுவதும்தான் எங்கள் பிழைப்பு.

அந்தப் பெண்களில் ஒச்சம்மா மதினியின் செட்டு எப்போதும் சன்னாசி ஜீப்பில்தான் போகும். போன மாசம் எஸ்டேட் கல் ரோட்டில் அந்த ஜீப் குதித்த குதியில் மதினியின் தூக்குவாளி மூடி தெறித்து, வண்டியில் இருந்த அத்தனை பேர் தலையிலும் புளிக்குழம்பு அபிஷேகம் ஆகிவிட்டது. மறுநாளே செட்டு என் ஜீப்புக்கு மாறியது. சன்னாசி வண்டி சும்மா நின்றது. மனுஷன் வாடிப்போனான். நாலைந்து நாளாக ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். எனக்கே பாவமாக இருந்தது.

நேற்றுக் காலையில் வந்தான் பாருங்கள், மாப்பிள்ளை மாதிரி. மதினியும் பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நேராக அவர்கள் முன்னால் வந்து நின்றான்.

"மதினி, குலுக்கல் தெரியாம இருக்க வண்டிக்குப் புது சாக்கப்சர் மாட்டிட்டேன். இனி அது ஜீப் இல்ல, பஞ்சு மெத்தை."

"நல்லது. உக்காந்து டீயைக் குடி" என்று மதினி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"இருக்கட்டும் இருக்கட்டும். மொதல்ல கேளுங்க. பானட் மேல டீ கிளாஸை வச்சுட்டு மேல வரைக்கும் ஓட்டினேன். ஒரு சொட்டு சிந்தலையே! மேல படிஞ்ச பாலாடைகூடக் கலையலையே!"

"டீ ஆறிப்போயிருக்குமே" என்றேன் நான்.

"ஒனக்குப் பொறாமை, தவசி" என்று என் பக்கம் திரும்பாமலே சொன்னான். "டெய்லர் முத்தையாவைக் கேளு. பின்னாடி உக்காந்து வந்தவரு, ஏறுறப்ப துணியா இருந்ததை எறங்குறப்ப ஜாக்கெட்டா ஆக்கிட்டாரு. அத்தனை வளைவுலயும் ஊசி ஒரு தடவைகூடக் கையில குத்தல."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீ மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காந்து புளுகுப்பா" என்றார். சன்னாசி ஸ்டூலைப் பார்த்தான். காலை மாற்றி ஊன்றிக்கொண்டான். உட்காரவில்லை.

"அதெல்லாம் சின்னது, மாஸ்டர். எஸ்டேட் கேண்டீனுக்கு ஒரு அட்டை முட்டை ஏத்தினேன். கூடவே ஒரு கோழி. வண்டி போற பதமான போக்குல, கோழி தன் கூடையிலதான் இருக்கோம்னு நெனச்சு முட்டை மேல படுத்துருச்சு. மேல போய்க் கோழியைத் தூக்கிப் பாத்தா அத்தனையும் குஞ்சு!"

"அடே, முட்டை பொரிக்க மூணு வாரம் ஆகுமேடா!" என்றாள் மதினி.

"வழியில யானை மறிச்சுருச்சு, மதினி."

"மூணு வாரமா?"

"யானைக்கு என்ன அவசரம்? அதுக்கு எந்த எஸ்டேட்ல வேலை?"

"சாக்கப்சர் மாட்டினதே முந்தாநாளுதானடா. மெக்கானிக் கடையில நானே பாத்தேன்" என்றேன்.

சன்னாசி அசரவே இல்லை. "அதான்ப்பா சொகுசுங்கிறது. நேரம் போறதே தெரியல."

மாஸ்டருக்குப் புரையேறிவிட்டது. இதற்குமேல் போக இடமில்லை என்று நினைத்தேன். ஆனால் சன்னாசி இப்போதுதான் கியரே மாற்றினான்.

"யானை சும்மா மறிக்கல. முதுகு சொறிய வண்டியில சாஞ்சுச்சு. வண்டி தொட்டில் மாதிரி ஆடுச்சு. யானை நேரா காட்டுக்குள்ள போயி குட்டியைக் கூட்டிட்டு வந்து பின் சீட்டுல படுக்கப் போட்டு, தும்பிக்கையால ஆட்டித் தூங்க வச்சுட்டுப் போயிருச்சு. நான் ஹாரன் அடிக்காம ஓட்டினேன். புள்ள முழிச்சுக்குமில்ல?"

"பொறவு?" என்று ஒரு பெண் வாயைப் பிளந்தாள். மதினி அவள் தொடையில் கிள்ளினாள்.

"பொறவென்ன, குட்டியைத் திரும்பிப் பாத்தேன், வளைவை விட்டுட்டேன். வண்டி பள்ளத்துல போயி கீழ் ரோட்டுல விழுந்துச்சு. பின்னாடி இருந்த பெரியவரு ஒருத்தரு கொட்டாவி விட்டுட்டு, 'என்ன தம்பி, ஸ்பீட் பிரேக்கரா?'ன்னு கேட்டாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள வண்டி எவ்வி, விட்ட வளைவுலயே வந்து நின்னுருச்சு! டீசலும் மிச்சம்."

சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது. மதினி மட்டும் சிரிக்காமல் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வண்டி அம்புட்டு மெத்துன்னா, நீ ஏன்டா வந்ததுல இருந்து நின்னுக்கிட்டே இருக்க?"

சன்னாசி பெஞ்சை ஒரு பார்வை பார்த்தான்.

"மெத்தையிலயே உக்காந்து பழகிருச்சு, மதினி. இனி கட்டை பெஞ்செல்லாம் இந்த ஒடம்புக்கு ஆகாது."

"அப்படியா?" மதினி தூக்குவாளியை எடுத்தாள். "ஏறுங்கடி. சாக்கடை தோண்டிப் போட்ட எடத்துல ஒரு சுத்து சுத்தட்டும். குழம்பு சிந்துச்சுன்னா, இனிமேலும் தவசி வண்டிதான்."

கடைக்குப் பின்னால் அந்தக் குண்டும் குழியுமான இடத்தில் ஜீப் இறங்கியது. நான் குழம்புக்காகக் காத்திருந்தேன். பொய் சொல்வானேன், அது சிந்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன். பின்னால் பெண்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்த மாதிரி அசையாமல் வந்தார்கள். மதினி மடியில் தூக்குவாளி சமர்த்தாக இருந்தது. முன்னால் சன்னாசி மட்டும் ஒவ்வொரு குழிக்கும் எழும்பி, கூரையில் முட்டி, சீட்டில் விழுந்துகொண்டிருந்தான்.

வண்டி திரும்பி வந்து நின்றது. மதினி மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு சொட்டு குறையவில்லை.

"பின்னாடி மெத்துன்னுதான் இருக்கு. முன்னாடி என்னடா?"

சன்னாசி ஸ்டியரிங்கைத் தடவினான். "ரெண்டுதான் வாங்க முடிஞ்சுச்சு, மதினி. நீங்கதான பின்னாடி உக்காருறீக. அதான்…"

"பின்னாடி கழட்டுன பழசு?"

"முன்னாடி இருந்தது அதைவிட மோசம். அதான் அந்தப் பழசை முன்னாடி எனக்கு மாட்டிக்கிட்டேன்."

மதினி, மழைக்குப் போர்த்துகிற சாக்கை நாலாக மடித்து முன்னால் நீட்டினாள். "இதைப் போட்டு உக்காரு. கெளம்பு, நேரமாச்சு."

என் ஜீப் காலியாக நிற்க, சன்னாசி சாக்கின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்து கிளம்பினான். போகிற போக்கில் என் பக்கம் தலையை நீட்டி, "தவசி, இந்தச் சாக்கு இருக்கே, இதை ஒரு தடவை ஏரோப்ளேன்ல…" என்று ஆரம்பித்தான்.

பின்னாலிருந்து மதினியின் குரல் கேட்டது.

"வாயை மூடிட்டு ஓட்டுடா, நாக்கைக் கடிச்சுக்கப் போற."