மருதங்காட்டு அணியும் மாலைப் பரிசலும்

ஆடிப் பதினெட்டாம் நாள் மாலை, மருதங்காட்டுச் சடுகுடு அணி அக்கரை வெள்ளோடை அணியிடம் ஐந்தாவது ஆண்டாகத் தோற்றது. கடைசியாகப் பாடிப் போய்ப் பிடிபட்டவன் அணித் தலைவன் இருளப்பன்.

மறுநாள் சபை கூடியது. அரசர் அனந்த பூபதி தாம்பூலத் தட்டைத் தொடவில்லை. அவர் எதிரில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவன் இருளப்பன். அடுத்தவர் அவனுக்கு ஆட்டம் பழக்கிய ஆசான் குப்பாண்டி. மூன்றாமவர் அணிக்கு ஆள் எடுக்கும் மணியக்காரர் திருவேங்கடம். மூவரும் வேலைக்கு வந்து ஓராண்டுதான் ஆகிறது. அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் ஓராண்டுதான் இருந்தார்கள்.

"தளவாயாரே, என்ன செய்யலாம்?" என்றார் அரசர்.

தளவாய் நரசப்பர் இந்தக் கேள்விக்காகவே குளித்துவிட்டு வந்தவர் போல முன்னே வந்தார். "மூவரையும் மாற்றிவிடுங்கள் மகாராஜா. போன வருஷமும் இதைத்தான் சொன்னேன்."

"அதற்கு முந்தின வருஷமும் சொன்னீர்."

"நல்ல யோசனையை எத்தனை முறை சொன்னால் என்ன?"

மருதங்காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அரசர் வேலையிலிருந்து நீக்கியவர், அன்று பொழுது சாய்வதற்குள் பரிசலில் ஆற்றைக் கடந்துவிட வேண்டும். ஊரில் இருந்தால் அரண்மனையைப் பற்றிக் குறை பேசுவார் என்று அரசரின் பாட்டனார் செய்த ஏற்பாடு அது. அக்கரையில் இருப்பது வெள்ளோடை என்பதைப் பாட்டனார் யோசித்ததாகத் தெரியவில்லை.

இருளப்பன் தலை நிமிராமல் பேசினான். "மகாராஜா, வீட்டில் நிறைமாதம். ஆற்றில் வெள்ளம் சுழித்து ஓடுகிறது. அவளைப் பரிசலில் ஏற்ற முடியாது. பிள்ளை பிறக்கும்வரை தவணை கொடுங்கள்."

"கேட்டீர்களா?" என்றார் தளவாய். "நேற்று பாடும்போது மூச்சு தாங்கவில்லை. இன்றைக்கு எவ்வளவு நீளமாகப் பேசுகிறான் பாருங்கள்."

சபை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அரசவை விகடர் காளத்தியைப் பார்த்தார்.

"நீர் ஏன் வாயைத் திறக்கவில்லை?"

"நான் நேற்று ஆட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை மகாராஜா. வெள்ளோடைக்காரர்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கே தெரிந்த முகங்கள் அதிகம். சௌக்கியம் விசாரிப்பதிலேயே பொழுது போய்விட்டது."

"அங்கே உமக்கு யாரைத் தெரியும்?"

"அவர்களுடைய தலைவன் சடையன். நாம் நீக்கியவன். அவர்களுடைய ஆசான், நாம் நீக்கியவர். ஆள் எடுக்கும் மணியக்காரர், அவரும் நம் பரிசலில் போனவர்தான். வெள்ளோடை அரசர் துறையிலேயே ஓர் ஆளைப் போட்டிருக்கிறார். ஆடி பிறந்துவிட்டால் நம் பரிசலுக்குக் காத்திருப்பதுதான் அவன் வேலை. கரை தட்டும்போது இலை போட்டிருக்கும், சோறும் சூடாக இருக்குமாம்."

அரசர் மெதுவாகக் கேட்டார். "அப்படியானால் நேற்று நம்மைத் தோற்கடித்தது யார்?"

"நாம்தான் மகாராஜா. இத்தனை வருஷத்தில் நல்ல அணியைத்தான் சேர்த்திருக்கிறோம். அது அக்கரையில் நிற்கிறது, அவ்வளவுதான்."

தளவாயின் முகம் சிவந்தது. "இது விகடம். ஆட்டத்தைப் பற்றி என்னைவிட அறிந்தவர் இந்த நாட்டில் யார் இருக்கிறார்? காட்டட்டும்."

"யாரும் இல்லை," என்று உடனே ஒப்புக்கொண்டார் காளத்தி. தளவாய்க்கே அது வியப்பாக இருந்தது. காளத்தி அரசர் பக்கம் திரும்பினார்.

"மகாராஜா, தோற்றவர் வென்றவருக்கு வெகுமதி அனுப்ப வேண்டுமே. இந்த முறை என்ன அனுப்புகிறோம்?"

"வெள்ளைக் குதிரை."

"வெள்ளோடை அரசர் லாயத்தில் குதிரைக்குப் பஞ்சமில்லை. ஆட்டத்தில் வென்றவருக்கு ஆட்டம் அறிந்த ஆலோசகரை அனுப்பலாம். நாட்டிலேயே அதிகம் அறிந்தவர் யார் என்பதை இப்போது தளவாயாரே சொல்லிவிட்டார்."

"என்னையா?" என்றார் தளவாய்.

"உம்மைத்தான். ஒன்று மட்டும் தெரிந்துகொள்கிறேன் தளவாயாரே. வெள்ளோடை அணி தோற்றால் அவர்களுக்கு என்ன யோசனை சொல்வீர்?"

"ஆட்களை மாற்றச் சொல்வேன்," என்றார் தளவாய், பழக்க தோஷத்தில்.

"ஜெயித்தால்?"

தளவாய் உண்மையாகவே யோசித்தார். "அப்போதும் இரண்டொருவரை மாற்றுவது நல்லது. இல்லாவிட்டால் மெத்தனம் வந்துவிடும்."

அரசரின் மீசை துடித்தது. "காளத்தி, இவரை வெள்ளோடை அரசர் ஏற்றுக்கொள்வாரா?"

"நம் பரிசலில் வந்த எதையும் இதுவரை அவர் வேண்டாமென்று சொன்னதில்லை மகாராஜா."

அரசர் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாம்பூலத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். இருளப்பனையும் மற்ற இருவரையும் வேலையைப் பார்க்கப் போகச் சொன்னார். வெள்ளைக் குதிரையைக் காளத்திக்குக் கொடுத்தார். காளத்திக்குக் குதிரை ஏறத் தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தே போனார். அன்று மாலைப் பரிசலில் தளவாய் மட்டும் போனார், தோளில் பட்டுச் சால்வையுடன்.

மறு ஆண்டு சித்திரை ஒன்பதாம் நாள், வெள்ளோடை அரசர் தம் அணித் தலைவனையும் ஆசானையும் மணியக்காரரையும் ஒரே உத்தரவில் வேலையிலிருந்து நீக்கினார்.