மேலத்தெருவில் ஒரு சாவி

தில்லை அம்மாவைவிட அவருடைய சீடர் பதினேழு வயது மூத்தவர். பெயர் சிவப்பிரகாசம். அரசாங்கத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானம் வேண்டும் என்று பெட்டியும் கையுமாக அம்மாவின் மடத்துக்கு வந்தார். ஞானம் வந்ததோ இல்லையோ, வந்த வருஷமே கீழத்தெருவுக்குத் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் வந்துவிட்டது. ஆள் அப்படி. சும்மா இருக்கச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும்.

நான் அந்த மடத்தில் சமையல்.

கீழத்தெரு ஜனம் அதுவரை ஓடைத் தண்ணீர்தான் குடித்தது. மாசம் ஒருதரம் ஏதாவது ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. மாடத்தியின் சின்ன மகள் ஓர் ஐப்பசியில் சாகக் கிடந்து பிழைத்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இவர் சென்னையில் ஓர் அறக்கட்டளைக்கு நடையாய் நடந்தார். மெஷின் வந்ததும் வெயிலில் நின்று ரூம் கட்டினார். எனக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

எட்டு மாதம் ஆயிற்று. ஜனம் இன்னும் ஓடைக்குத்தான் குடத்தைத் தூக்கியது.

ஒருநாள் காலையில் கையில் அறக்கட்டளையின் கடிதத்தோடு வந்தார். அம்மா அடுப்படியில் என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, யாரும் உபயோகிக்கலைன்னா மெஷினைக் கழட்டி வேற ஊருக்குக் கொண்டு போறாங்களாம். வெள்ளிக்கிழமை வண்டி வருது. நான் பதில் எழுதணும்."

"என்ன எழுதப் போறீங்க?"

"இங்குள்ள மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லைன்னு."

அம்மா நிமிரவில்லை.

"நாலு கூட்டம் போட்டேன் அம்மா. தண்ணியில பூச்சி நெளியறதைப் பெரிசாக்கிப் படம் காட்டினேன். எல்லாரும் தலையை ஆட்டினாங்க. மறுநாள் ஓடைக்குப் போயிட்டாங்க. பெத்த பிள்ளைக்கு எது நல்லதுன்னு ஒரு தாய்க்குத் தெரியாதா? ஏன் இப்படி?"

பாவம், அவருக்கு நிஜமாகவே வருத்தம்தான்.

எனக்குக் காரணம் தெரியும். ஆனால் என்னை யார் கேட்டார்கள்? கேட்காத இடத்தில் கரண்டியை நீட்டுகிற பழக்கம் எனக்கில்லை.

"மெஷின் ரூம் பூட்டியிருக்கா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. உள்ள மோட்டார் இருக்கே, திருட்டுப் போயிடும். நல்ல பூட்டா நானே வாங்கிப் போட்டேன்."

"சாவி?"

"மேலத்தெருவில, சங்கரலிங்கம் வீட்டில. எப்பவும் ஆள் இருக்கிற வீடு. யார் வேணாலும் கேட்டு வாங்கிட்டுப் போய்த் தண்ணி பிடிச்சிட்டு, திருப்பிக் குடுத்துடலாம். அவரே தாராளமான்னு சொன்னார்."

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு மாடத்தி சாவி வாங்கப் போகட்டும். நீங்களும் கூடப் போங்க. அவளுக்கு முன்னால நடக்காதீங்க. வாயைத் திறக்காதீங்க."

அம்மா சொல்லி அனுப்பினார் என்பதற்காக மாடத்தி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. சங்கரலிங்கம் வீட்டில்தான் மடத்துக்குப் பால். அதனால் நானும் தூக்குச்சட்டியோடு கிளம்பினேன்.

வீடு வந்ததும் நான் முன்வாசலில் ஏறினேன். மாடத்தி மாட்டுத்தொழுவத்தைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போனாள். கூட வந்த சீடர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா சொன்னது ஞாபகம் வந்து பேசாமல் அவள் பின்னால் போனார்.

பால் வாங்கிக்கொண்டு நானும் கொல்லைக்குப் போனேன். மாடத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். கதவைத் தட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. இவர் முருங்கை மரத்தடியில் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து சங்கரலிங்கத்தின் வீட்டம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஏட்டி?"

"சாவி, ஆச்சி."

"விடிஞ்சதும் வந்து நின்னுட்டியாக்கும்? இரு, வாறேன்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அம்மி அரைக்கிற சத்தம் கேட்டது. அது நின்று, தாளிக்கிற வாசனையும் வந்துவிட்டது. மறுபடி கதவு திறந்தது.

"வந்ததுதான் வந்தே, தொழுவத்துல சாணி கிடக்கு பாரு. அள்ளிப் போட்டிரு. சாவி எங்கன இருக்குன்னு பாக்கேன்."

மாடத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

மெஷின் வந்த முதல் வாரம் கீழத்தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியும் இப்படிக் குனிந்ததை நான் பார்த்திருக்கிறேன். ரெண்டாவது வாரம் ஒருத்தியும் வரவில்லை.

இவருக்குப் பொறுக்கவில்லை. மரத்தடியை விட்டு வெளியே வந்துவிட்டார்.

"என்னம்மா இது!"

"அட, இன்ஜினியர் சாரா! கொல்லையில எதுக்கு நிக்கிய? முன்வாசலுக்கு வாங்க. காப்பி போடட்டுமா?"

சாவி மறுநிமிஷம் வந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அவர் காப்பி குடிக்கவில்லை. சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டு, கொல்லை அதிர ஒரு பிடி பிடித்தார். சங்கரலிங்கம் மோசமான மனுஷன் இல்லை. வெட்கப்பட்டுப் போனார்.

"இனிமே அவங்க வந்து வாயைத் திறக்கிறதுக்குள்ள சாவி கையில இருக்கும் சார். நான் பொறுப்பு."

திரும்பி வரும்போது சீடர் தரையில் நடக்கவில்லை. எங்களுக்கு முன்னால் ஓடி மடத்துக்குள் நுழைந்தார்.

"அம்மா, பிடிபட்டுடுச்சு! நிக்க வச்சு வேலை வாங்கியிருக்காங்க அம்மா, எட்டு மாசமா எனக்குத் தெரியாமப் போச்சு. நல்லா கேட்டுட்டேன். இனிமே கேட்ட உடனே குடுக்கணும்னு சொல்லிட்டேன். அந்தப் பதில் எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை வண்டி வெறுமனே திரும்பட்டும்."

சாவியை மாடத்தி கையில் வைத்தார்.

"போய்த் தண்ணி பிடிம்மா. நாளையிலிருந்து உனக்கு ஒரு தொந்தரவும் இல்லை."

மாடத்தி எங்கள் குழாயடியில் கையை ரெண்டு தரம் தேய்த்துக் கழுவினாள். சாவியைப் படியில் வைத்தாள். அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓடைப்பக்கம் நடந்தாள்.

இவர் அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"இன்னும் என்னம்மா குறை? உடனே குடுக்கச் சொல்லிட்டேனே!"

"குடுக்கச் சொல்லிட்டீங்க," என்றார் அம்மா. "அவ இன்னும் கேக்கணுமே."