ஒரு கழுத்தும் இரண்டு படங்களும்

பதவியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு இந்தக் கதை ஆகாது. மற்றவர்கள் கடைசிவரை கேளுங்கள். கேட்டுவிட்டு, ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள்.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகம். அங்கே ஏலம் கூறுகிற அஞ்சாலாட்சிக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. விசைப்படகுகளின் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் ஏறி நிற்கும். அந்தக் குரலோ உடம்போ தளர்ந்தது தெரிந்தால், மறுநாளே வேறொருத்தி வந்து மீன் குவியலருகே நின்றுவிடுவாள். அவளுமே அப்படி ஓர் இடத்தில் வந்து நின்றவள்தான்.

ஒருநாள் காலை, வலது கையை உயர்த்தி வஞ்சிரத்துக்கு விலை கூறிக்கொண்டிருந்தபோது, இடது கையிலிருந்த டீ கிளாஸ் நழுவி விழுந்து உடைந்தது. ஐஸ் உடைக்கிற ராசாங்கம் சும்மா இருப்பானா?

"என்னக்கா, டீயையும் ஏலத்துல விட்டுட்டியா?"

"மீன் பிசுக்குடா. வழுக்கிடுச்சு."

பிசுக்கு இல்லை. சரிந்த முந்தானையை அந்தக் கையால் இழுத்துச் செருக முடியவில்லை. யாருடைய கையோ தோளில் தொங்குவது போல இருந்தது. ஐஸ் வண்டி காலியாவதற்குள் கை பழையபடி ஆகிவிட்டது. அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பிறகு ஒரு மருத்துவ முகாம் வந்தது. சர்க்கரை பார்க்க உட்கார்ந்தவளின் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த டாக்டர், இடது பக்கம் ரத்தம் இரைந்து ஓடுகிறது, உடனே தஞ்சாவூருக்குப் போங்கள் என்றார்.

தஞ்சாவூர் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஞானதிரவியம் ஸ்கேனைப் பார்த்தார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற கழுத்துக் குழாய்கள் இரண்டிலும் கொழுப்புப் படிந்திருந்தது. இடது குழாய் முக்கால் பங்கு அடைப்பு, வலது பாதி. கை கால் எப்போதாவது மரத்ததா, பேச்சு குழறியதா, கண் இருட்டியதா என்று நிதானமாகக் கேட்டார். ஒன்றுமே இல்லை என்று அஞ்சாலாட்சி சாதித்தாள். கூட வந்தவர்கள் துறைமுகத்து ஆட்கள். இங்கே சொன்னது அவளுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

கத்தி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் குரலுக்கான நரம்பு போகிறது, அரிதாகக் குரல் கெடலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதைக் கேட்டதும் அவள் ஒரே போடாகப் போட்டாள்.

"ஒரு பக்கம் கிழிச்சுக்குங்க. இன்னொரு பக்கம் என் தொண்டைக்கு. அதத் தொட உடமாட்டேன்."

எந்தப் பக்கம்? டாக்டருக்குச் சந்தேகமே இல்லை. முக்கால் அடைத்தது இடது. அதைத்தான் திறக்க வேண்டும்.

சந்தேகத்தைக் கிளப்பியவர் ஸ்கேன் டாக்டர் மெகருன்னிசா. அவர் எலாஸ்டோகிராஃபி என்ற இன்னொரு படத்தையும் எடுத்திருந்தார். எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. நாடி துடிக்கும் ஒவ்வொரு முறையும் படிவு எவ்வளவு நெளிகிறது என்று பார்க்கும். இறுகியது நீலமாகவும் இளகியது சிவப்பாகவும் தெரியும். இறுகியது பெரும்பாலும் இருந்த இடத்தில் இருக்கும். இளகியது வெடித்து, துணுக்கு மூளைக்குப் போய்விடலாம். அஞ்சாலாட்சியின் இடது படிவு நீலம். வலது படிவு சிவப்பு.

படம் ஆடுகிறதே, அழுத்திப் பிடித்துத் திரும்ப எடுங்கள் என்றார் ஞானதிரவியம்.

"அழுத்தினா ஆடாது சார். ஆனா அது கழுத்து சொன்ன பதிலா இருக்காது, என் கை சொன்ன பதிலா இருக்கும்."

மெகருன்னிசா மறுத்துவிட்டதால் வேறொருவர் எடுத்தார். ஸ்கேன் கருவியைக் கழுத்தில் நன்றாகப் பதித்து எடுத்த அந்தப் படம் கொஞ்சமும் ஆடவில்லை. வலது பக்கமும் நீலமாகவே வந்தது. பெரியவரோடு மோதாதீர்கள், அறிக்கையை மாற்றி எழுதுங்கள் என்று மெகருன்னிசாவுக்கு இரண்டு பேர் புத்தி சொன்னார்கள். அவர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு, ஞானதிரவியம் பக்கத்தில் நிற்கும்போதே, அஞ்சாலாட்சியின் கட்டிலுக்குப் போனார். இடதைத் திறக்கச் சொல்கிறார் சார், வலதைத் திறக்கச் சொல்கிறேன் நான், கழுத்து உங்களுடையது என்றார்.

அஞ்சாலாட்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரே கழுத்து, ரெண்டு படம். உங்க ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றீங்க?"

கதையை இங்கே நிறுத்துகிறேன். அடைப்பின் அளவை நம்பியவர் ஒருவர், ஆடிய படத்தை நம்பியவர் ஒருவர், ஒரு பக்கம்தான் என்று அடம்பிடித்தவள் ஒருத்தி. எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும்? பொய் சொன்னது யார்? மூவரில் யார் செய்தது சரி?

விடை: பொய் சொன்னவள் அஞ்சாலாட்சி. இடது கையை ஆள்வது மூளையின் வலது பாதி, அதற்கு ரத்தம் போவது வலது கழுத்து வழியாக. டீ கிளாஸ் விழுந்த அன்றே வலது படிவிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போய், தானே கரைந்துவிட்டது. ஞானதிரவியம் கேட்க வேண்டியதைக் கேட்டார். அவள் உண்மையைச் சொல்லியிருந்தால், அறிகுறி காட்டிய பக்கத்தைத்தான் முதலில் திறப்பது என்ற மருத்துவக் கணக்கே அவரை வலது பக்கம் அனுப்பியிருக்கும். ஆனால் ஆடாத படமே உண்மையான படம் என்று நினைத்தது அவர் தவறு. அழுத்திப் பிடித்தால் இளகியதும் நெளிய முடியாமல் நீலமாகவே தெரியும். சரியாகச் செய்தவர் மெகருன்னிசாதான். கிளாஸ் விழுந்தது தெரியாமலே அவர் கழுத்தைப் பேசவிட்டார், பேசியதை மாற்றவும் மறுத்தார். அன்று கட்டிலருகே மெகருன்னிசா அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்: "கையில இருந்தது எதாவது கீழ விழுந்துச்சாம்மா?" அஞ்சாலாட்சி இடது கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். ஞானதிரவியமே வலது பக்கத்தைத் திறந்தார். அவள் துறைமுகத்துக்குத் திரும்பியபோது குரல் கரகரத்தது. என்னக்கா, தவளைய முழுங்கிட்டியா என்றான் ராசாங்கம். அவள் வலது கையை உயர்த்தினாள். இடது கையில் டீ கிளாஸ் அசையாமல் இருந்தது.

"கொரலுதாண்டா எறங்கியிருக்கு. வெல எறங்கல. கேளு."